வேலியில் இருந்த கிழங்கு

எங்கள் வீட்டில் அரைக்கும் கல் இரண்டு இருந்தன. அடுப்படியில் கிடந்த அம்மி சமையலுக்கு. இன்னொன்று வெளியே, ஆட்டுப்பட்டிக்குப் பின்னால், பனையோலைத் துண்டால் மூடிக் கிடக்கும். இரண்டு உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதைத் தொடக் கூடாது என்பது நடக்கத் தெரிந்த நாளிலேயே எங்களுக்குச் சொல்லப்பட்ட விதி. அம்மிச்சி அதில் அரைத்து முடித்ததும் சாம்பல் போட்டுத் தேய்ப்பாள், கழுவிய தண்ணீரை ஆடு மாடு நடமாடாத இடத்தில் குழி பறித்து ஊற்றுவாள், பிறகு தன் கையை முழங்கை வரை அரப்பு போட்டுக் கழுவுவாள். அது கண்வலிக் கிழங்கு அரைக்கிற கல்.

என் அம்மிச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவள், மூலனூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மருத்துவச்சி. அவளுடைய அம்மாவும் அதுதான். சுற்று வட்டாரத்தில் பிள்ளை பெற வைத்ததற்குக் கூலியாக வருஷத்துக்கு ஒருமுறை களத்துமேட்டில் தானியம் அளந்து போடுவார்கள். ஒரு தலைமுறையே அவள் கையில் பிறந்தது. ஆனாலும் ஊரில் அவள் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ‘மருத்துவச்சியைக் கூப்பிடு’ என்பார்கள், அவ்வளவுதான். நான் பிற்காலத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்தக் கிழங்கைப் பற்றி எழுத வேண்டும் என்று இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் வட்டாரத்துக்கு வந்தவர்களுக்குக் கொறங்காடு தெரியும். மழை குறைந்த மேட்டு நிலம். கொழுக்கட்டைப்புல் முளைத்த மேய்ச்சல் காடு. நடுநடுவே வெள்வேல மரம். நான்கு பக்கமும் கிளுவை வேலி. கிளுவைப் போத்தை வெட்டி நட்டால் அதுவே துளிர்த்து முள்வேலியாக நிற்கும். அந்த வேலிக்குள்தான் கண்வலிக்கொடி இருந்தது. யாரும் நட்டதில்லை. ஆடியிலோ ஆவணியிலோ ஒரு மழை விழுந்தால் மண்ணுக்குள்ளிருந்து பென்சில் பருமனில் ஒரு தண்டு வரும். அதன் இலையைக் கவனித்தால் ஒன்று தெரியும். ஒவ்வோர் இலையின் நுனியும் நூலாக நீண்டு சுருண்டிருக்கும். பற்றிக்கொள்வதற்கு இந்தக் கொடிக்குத் தனியாகச் சுருள்கம்பி கிடையாது, இலையே கையாகிறது. தலைச்சுருளி என்ற பெயர் அதனால்தான். ஐப்பசி, கார்த்திகையில் பூக்கும்போது ஆறு இதழ்களும் மேல்நோக்கி வளைந்து நெருப்பைப் போல நிற்கும். முதலில் பச்சை, பிறகு அடியில் மஞ்சள் நுனியில் சிவப்பு, கடைசியில் முழுக்க இரத்தச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்று நிறமும் ஒரே நேரத்தில் இருக்கும். ‘உத்துப் பாக்காத, கண்ணு வலிக்கும்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். கண்வலி என்ற பெயர்க் காரணமாக எங்கள் ஊரில் சொல்வது இதைத்தான். குழந்தைகளைக் கொடியிடமிருந்து விலக்கி வைக்க இதைவிட நல்ல பொய் வேண்டியதில்லை.

தை கழிந்தால் கொடி காய்ந்து காணாமல் போகும். கிழங்கு மண்ணுக்குள் தூங்கும். அம்மிச்சி பூக்கிற காலத்திலேயே வேலியடியில் மூன்று சுண்ணாம்புக் கல்லை வைத்து அடையாளம் செய்துவிடுவாள். மாசி கடைசியில் போய்த் தோண்டுவாள். கிழங்கு விரல் பருமனில், இரண்டு கைகளாகப் பிரிந்து, ஏர்க்கலப்பை வளைவது போல வளைந்திருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். அந்த நுனி ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. அவள் ஒரு கையை மட்டும் முறித்து எடுத்துக்கொண்டு, மற்றதை நுனி நோகாமல் அதே குழியில் வைத்து மண்ணைத் தள்ளி மிதிப்பாள். எடுத்ததைச் சாம்பல் போட்ட மண்கலயத்தில் வைத்து, கூரையில் எரவாணத்துக்கு மேலே செருகிவிடுவாள். அவளுடைய காலம் முழுக்க அந்த வேலியில் அந்தக் கொடி இருந்தது.

எனக்குப் பத்து வயது. 1965-ஆக இருக்கும். ஒரு தோட்டத்து வீட்டில் முதல் பிரசவம். இரவு முழுக்க வலி, விடியற்காலை ஆகியும் பிள்ளை இறங்கவில்லை. லாந்தர் பிடிக்க ஆள் இல்லை என்று என்னை உள்ளே விட்டார்கள். அம்மிச்சி அவசரப்படவே இல்லை. வெந்நீர் வைத்தாள், விளக்கெண்ணெய் தடவினாள், அந்தப் பெண்ணை எழுப்பி நடக்க விட்டாள், உட்கார வைத்தாள். வெளியே மாமியார் இரண்டு தடவை, ‘கெழங்கு போடலியா மருத்துவச்சி?’ என்று கேட்டுவிட்டாள். பதில் இல்லை. சேவல் கூவி வெகுநேரம் கழித்துத்தான் மடியிலிருந்து துணி முடிச்சை அவிழ்த்தாள். சுண்டுவிரல் கணு அளவு துண்டு. கொண்டு வந்திருந்த சின்னக் கல்லில் தண்ணீர் விட்டு இழைத்து, அந்த விழுதைத் தொப்புளுக்குக் கீழே ஒரு கோடாக இழுத்தாள். இரண்டு உள்ளங்காலிலும் தடவினாள். தடவிய கையை உடனே கழுவினாள். என்னைப் பார்த்துச் சொன்னாள்: ‘கண்ணு, கல்லு பக்கம் போயி கைய வெச்சுப்போடாத. வெச்சாலும் வாயில வெச்சுப்போடாத.’

பிள்ளை பிறந்தது. அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் இத்தனை வருஷம் கழித்தும் கண்முன் நிற்கிறது. பிள்ளையைத் துணியில் வாங்கி மாமியார் கையில் கொடுத்தவள், தொப்புள்கொடியைப் பார்ப்பதற்கும் முன்னால், வெந்நீரில் நனைத்த துணியால் அந்த வயிற்றையும் உள்ளங்காலையும் துடைத்தாள். ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றாவது முறை எண்ணெய் தொட்டு. ‘வேல முடிஞ்சதும் தொடைச்சுப்போடோணும். உட்டா கெழங்கு நிக்காது, உள்ள இருக்கறதெல்லாம் இழுத்துப்போட்டுரும்’ என்றாள். பூசுவதைவிடத் துடைப்பதுதான் அவளுக்கு மருத்துவம்.

சித்த மருத்துவத்தில் இதைக் கலப்பைக் கிழங்கு என்பார்கள். வடமொழியில் லாங்கலி, அதற்கும் பொருள் கலப்பையோடு சேர்ந்ததுதான். அக்கினிசிகை என்றால் தீக்கொழுந்து. இன்னொரு பெயர் கர்ப்பபாதனி, கருவை விழச் செய்வது. ஒரு பெயரைப் பூவிலிருந்து எடுத்தார்கள், ஒன்றைக் கிழங்கின் வடிவத்திலிருந்து, ஒன்றை அது பெண்ணுடம்பில் செய்கிற வேலையிலிருந்து. பதினாறாம் நூற்றாண்டு ஆயுர்வேத நூலான பாவப்பிரகாசம் எருக்கு, கள்ளி, அரளி, குன்றிமணி, ஊமத்தை, அபின் ஆகியவற்றோடு சேர்த்து, ஏழு உபவிஷங்களில், அதாவது துணை நஞ்சுகளில், ஒன்றாக இதையும் வைக்கிறது. உள்மருந்தாக எடுப்பதென்றால் சுத்தி செய்யாமல் எடுக்கக் கூடாது என்பது வைத்தியர்களின் உறுதியான விதி. கிழங்கைத் துண்டு போட்டு உப்பிட்ட மோரில் இரவு ஊற வைப்பதும், பகலில் வெயிலில் காய வைப்பதுமாக நாள்கணக்கில் செய்வார்கள். அம்மிச்சி அந்தப் பக்கமே போனதில்லை. அவளுக்குக் கிழங்கு மேற்பூச்சு மட்டும். பிரசவத்துக்கு, நஞ்சுக்கொடி இறங்காமல் நின்றால் அதற்கு, தேள் கொட்டினால் கடிவாயில், மூட்டு வலிக்கு எண்ணெயில் காய்ச்சி. இலைச் சாற்றைத் தலையில் பேனுக்குத் தேய்க்கிறவர்கள் ஊரில் இருந்தார்கள். தலையில் புண் இருக்கும் குழந்தைக்கு அதைத் தேய்க்க அவள் விடமாட்டாள்.

பூவின் கதை வேறு. பள்ளிக்கூடத்தில் தமிழய்யா காந்தள் என்று பாடம் நடத்தியபோது அது எங்கள் வேலிக்கொடி என்று எனக்குத் தெரியவே தெரியாது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் அந்தப் பெரிய பூப்பட்டியல் தொடங்குவதே செங்காந்தளில்தான். குறுந்தொகையின் முதல் பாட்டில் முருகனின் குன்று நிறையக் காந்தள். பெண்ணின் விரலுக்கு உவமை சொல்ல வேண்டுமென்றால் சங்கப் புலவர்களுக்குக் காந்தள் இதழ் வேண்டும். வேலன் ஆடும் வெறியாட்டைச் சொல்லும் துறைக்குத் தொல்காப்பியம் வைத்த பெயரும் காந்தள். தோன்றி என்பதும் இதே பூதான் என்று கொள்கிறவர்கள் உண்டு. நம் வெண்தோன்றியும் மலையாளத்தில் இன்றும் வழங்கும் மேந்தோன்னியும் அந்தச் சொல்லை வைத்திருக்கின்றன. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்த ஹோர்ட்டுஸ் மலபாரிகஸ் நூலில் இது மெந்தோனி. லின்னேயஸ் 1753-இல் குளோரியோசா சுபெர்பா என்று பெயர் வைத்தார். புகழும் பெருமையும் கொண்டது என்று பொருள். ஈழத்தில் கார்த்திகைப்பூ, அங்கே இந்தப் பெயரைச் சொன்னால் போரில் போனவர்களின் நினைவும் சேர்ந்தே வரும். இங்கே தமிழ்நாட்டில் மாநில மலர்.

இவ்வளவையும் படித்த பிறகு என் மனதில் ஒன்று தங்கிவிட்டது. வான் ரீட் தன் நூலுக்கு உதவிய வைத்தியர் இட்டி அச்சுதனின் பெயரையும், கொங்கணி வைத்தியர் மூவரின் பெயரையும் மறைக்காமல் போட்டார். நல்ல மனிதர். ஆனால் மேந்தோன்னிக் கிழங்கை எங்கே தடவ வேண்டும், எப்போது துடைக்க வேண்டும் என்பது அந்த மலையாளக் கரையிலும் யாரோ ஒரு வயற்றாட்டியின், அந்த ஊர் மருத்துவச்சியின், கையில்தானே இருந்திருக்கும்? பூவைப் பாடியவர்கள் பெயரோடு இருக்கிறார்கள். கிழங்கை எழுதியவர்களும் பெயரோடு இருக்கிறார்கள். கிழங்கைக் கையில் எடுத்தவர்கள்தான் இல்லை. கர்ப்பபாதனி என்று ஒரு மருத்துவர் ஏட்டில் எழுதுவதற்கு முன்னால், எத்தனை பெண்கள் எத்தனை இருட்டறைகளில் அதைக் கண்டறிந்து, தவறி, இன்னொரு பெண்ணுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

தவறுவது என்றால் என்ன என்பதை நான் வேலையில் சேர்ந்த பிறகு பார்த்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு மதியம் வண்டியில் ஒரு பெண்ணைக் கொண்டு வந்தார்கள். காலராவைப் போல வாந்தியும் பேதியும். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. நான் அவள் விரல் நகங்களைப் பார்த்தேன். செம்மண் இருந்தது. ‘கண்வலிக் கெழங்கு திங்கறாளான்னு பாத்தீங்களா?’ என்று அவள் தாயிடம் தனியே கேட்டதும் அந்தம்மா உட்கார்ந்துவிட்டார். மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினோம். அவள் பிழைத்தாள். இரண்டு வாரம் கழித்து வீடு தேடிப் போனபோது தலையில் முடி இல்லை. தலையணையில் கொத்துக்கொத்தாகக் கிடந்தது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. என் பணிக்காலத்தில் இந்தக் கிழங்கு கொண்டுபோன உயிர்களை நான் எண்ணி வைத்திருக்கிறேன். அந்த எண்ணிக்கையை இங்கே எழுதப்போவதில்லை.

நஞ்சின் பெயர் கோல்ச்சிசின். ஐரோப்பாவில் கோல்சிகம் என்ற வேறொரு செடியிலிருந்து இதைப் பழங்காலத்திலேயே மூட்டுவாதத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். பாரிஸில் பெல்லெட்டியே, காவந்து என்ற இருவர் அந்தச் செடியிலிருந்து இதை 1820-இல் பிரித்தார்கள். கொய்னாவை அவர்கள் பிரித்ததும் அதே வருஷம்தான். உடம்பில் எங்கெல்லாம் செல்கள் வேகமாகப் பிரிந்து பெருகுகின்றனவோ அங்கெல்லாம் அந்தப் பிரிதலை இது நிறுத்திவிடும். முதலில் குடல், அதனால் வாந்தி பேதி. பிறகு எலும்பு மஜ்ஜை, அதனால் இரத்த அணுக்கள் விழும். கடைசியில் முடியின் வேர். சாப்பிட்டு சில மணிநேரம் ஒன்றுமே தெரியாது என்பதுதான் இதன் கொடுமை. வீட்டார் ஒன்றுமில்லை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். முறிமருந்து கிடையாது. எங்கள் மருந்தகத்தில் மூட்டுவாதக்காரர்களுக்குக் கொடுத்த கோல்ச்சிசின் மாத்திரை அரை மில்லிகிராம். கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்பது கிழங்குக்குக் கிழங்கு மாறும். மாத்திரைக்கு எடை உண்டு, கிழங்குக்கு இல்லை.

அப்படியானால் அம்மிச்சியின் பூச்சு வேலை செய்ததா? இளம் மருத்துவர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தோலில் ஒரு கோடு இழுத்ததால் கருப்பை சுருங்கியது என்று என்னால் சொல்ல முடியாது. அவள் கிழங்கை எடுத்ததே காத்திருந்து காத்திருந்து, இயற்கை தானாகவே முடித்துவைக்கும் வேளையில்தான். நஞ்சுக்கொடி இறங்கவில்லை என்றால் இன்று செய்ய வேண்டியது ஊசியும் மருத்துவமனையும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. முப்பது வருஷம் கிராமம் கிராமமாகப் போய் அதைத்தான் சொன்னேன். ஆனால் கிழங்கை எப்போது எடுக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மாமியார் இரண்டு தடவை கேட்டும் அவள் முடிச்சை அவிழ்க்கவில்லையே, அந்தப் பொறுமையை எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதியில் கிராமத்து மருத்துவச்சிகளுக்கு அரசு பயிற்சி கொடுத்தபோது அவளும் வந்தாள். எழுபது வயது. நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். சோப்பு, புது பிளேடு, கட்டு நூல் எல்லாம் ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். பயிற்சி கொடுத்த அம்மா நாட்டு மருந்தெல்லாம் அழுக்கு, விட்டுவிட வேண்டும் என்றார். கை கழுவுவது எப்படி என்று காட்டினார். அம்மிச்சி எழுந்து போய், சொன்னபடி, முழங்கை வரை கழுவிக் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். கிழங்கைப் பற்றி அவளிடம் யாரும் கேட்கவில்லை. 1983-இல் இறந்தாள். பட்டிக்குப் பின்னால் இருந்த கல்லை அம்மா கிணற்று மேட்டில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிட்டாள்.

அதே எண்பதுகளில்தான் கொடி வேலியைவிட்டுக் காட்டுக்குள், அதாவது விளைநிலத்துக்குள், இறங்கியதைப் பார்த்தேன். வியாபாரிகள் முதலில் கிழங்கு கேட்டு வந்தார்கள். வேலி வேலியாகக் கடப்பாரை போட்டு இரண்டு கையையும் சேர்த்தே பெயர்த்து மூட்டை கட்டினார்கள். வேதாரண்யம் பக்கத்து மணல்காட்டிலிருந்தும் போனது. பிறகு, கிழங்கைவிட விதையில்தான் சரக்கு அதிகம், ஐரோப்பாவில் மருந்துக் கம்பெனிகள் விதை வாங்குகின்றன என்று தெரிந்தது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி என்று வெள்ளாமை பரவியது. நட்டு, விராலிக் குச்சியும் கிளுவைப் போத்தும் கட்டி, பிறகு இரும்புக் கம்பி இழுத்து ஏற்றினார்கள். ஏக்கருக்கு 80, 100 கிலோ விதை வந்தால் நல்ல விளைச்சல். விலை ஒரு வருஷம் தூக்கிவிடும், மறு வருஷம் பாதிக்கு வந்து கவிழ்த்துவிடும். அடகு வைத்த நகையை மீட்டவர்களும் இருக்கிறார்கள், நகையை அடகு வைத்தவர்களும் இருக்கிறார்கள்.

பூக்கிற காலத்தில் விடிந்ததும் அந்தக் காடுகளுக்குப் போனால் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். இந்தப் பூவின் சூல்தண்டு அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தம் தானாக அதில் விழுவது அரிது. வேலியில் இருந்தபோது தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் பார்த்துக்கொண்டன. ஏக்கர் கணக்கில் பூத்தால் அவை போதாது. அதனால் ஒவ்வொரு பூவாக, வெயில் ஏறுவதற்குள், மகரந்தப்பையைத் தொட்டு எடுத்துச் சூல்முடியில் வைக்க வேண்டும். பூவின் கழுத்தை இரண்டு விரலால் தாங்கி, மறு கையால் தொட்டு, விட்டுவிட்டு அடுத்தது. நான் அங்கே தடுப்பூசி அட்டையோடு நின்று அந்த விரல்களைப் பார்த்திருக்கிறேன். காந்தளைப் போன்ற விரல் என்றெல்லாம் இல்லை. காப்புக் காய்த்து, மஞ்சள் தூள் அப்பிய விரல்கள். அதில் பாதிப் பேர் அம்மிச்சி கையில் பிறந்தவர்கள். ‘கைய நல்லாக் கழுவிட்டுத்தான் சோத்துப் போசியத் தொறக்கோணும்’ என்று நான் சொன்னால், ‘உங்க அம்மிச்சி சொன்னதுதானுங்க அக்கா, தெரியும்’ என்பார்கள்.

காட்டில் ஆயிரக்கணக்கில் பூக்கிறது. வேலியில் காணவில்லை. கொறங்காடுகளில் பாதியை விற்றுவிட்டார்கள், காற்றாலை நிற்கிறது. கிளுவையைப் பிடுங்கிக் கல்லுக்கால் நட்டுக் கம்பிவேலி போட்டாயிற்று. அம்மிச்சியின் வேலிக்கும் நான்கு வருஷத்துக்கு முன் ஆள் வந்தது. பொக்லைன் வருவதற்கு முந்தின நாள் போனேன். மூன்று சுண்ணாம்புக் கல்லில் இரண்டு மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. அவளுடைய கொடிதானா, அதன் வழியில் வந்ததா, தெரியாது. களைக்கொத்தால் ஒரு முழம் தள்ளியே தோண்டி, கடைசியில் கையால் மண்ணைப் பறித்தேன். இரண்டு கையும் முழுசாக வந்தது, நுனி ஒடியவில்லை.

இப்போது அது என் வீட்டுச் சுற்றுச்சுவர் ஓரம், பேரக்குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், ஒரு சிமெண்ட் தொட்டியில் இருக்கிறது. தொட்டியில் எச்சரிக்கை எழுதி வைத்திருக்கிறேன். முதல் வருஷம் முளைக்கவில்லை. இரண்டாம் வருஷம் ஒரு தண்டு வந்து காய்ந்தது. போன வருஷம் இரண்டு பூ. இந்த ஆடியில் மழைக்கு முன்னாலேயே முளை விட்டுவிட்டது. பக்கத்தில் ஒரு கிளுவைப் போத்து நட்டிருக்கிறேன். நேற்று மாலை பார்த்தபோது இலை நுனி சுருளத் தொடங்கியிருந்தது. போத்தை இன்னும் பிடிக்கவில்லை, ஒரு விரற்கடை இருக்கிறது.